எந்திரத்துக்கு முன்னால் இயற்பியலாளர்

உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. புற்றுநோய்க்குக் 'கரண்ட்' வைப்பதும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சையும், மலையிலேயே முழுமையாக நடக்க வேண்டும் என்பது அடுத்து எழும் நியாயமான கோரிக்கை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வாரம் 5 நாள் வீதம் 5 வாரம் கதிர்வீச்சு தேவைப்படும். கொழுந்து பறிக்கும் பெண் அத்தனை நாளும் கோவைக்கு இறங்கி ஏற முடியாது. அங்கேயே தங்கினால் கூலி போகும். ஆனால் கதிர்வீச்சு எந்திரத்தைக் கேட்பதற்கு முன், அதை அளக்கத் தெரிந்த மருத்துவ இயற்பியலாளரை நாம் கேட்க வேண்டும்.

காரணம் உதகையின் காற்றிலேயே இருக்கிறது. கதிர்வீச்சை அளக்கும் அயனி அறை, தன் சிறு குழிக்குள் இருக்கும் காற்றைக் கொண்டுதான் அளக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். திருத்தம் செய்யாமல் பார்த்தால், 100 காட்ட வேண்டிய கருவி 77 அளவில் காட்டும். கதிர் குறைவு என்று நம்பி எந்திரத்தைக் கூட்டி வைத்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகப் பாயும். குடலும் சிறுநீர்ப்பையும் அதைத் தாங்காது. திருத்தத்துக்கான சூத்திரம் எளியதுதான். ஆனால் வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. அதை எடுத்துப் போட்டால் திருத்தமே தவறாகிவிடும். இதை அறிந்தவர் அறைக்குள் பாரமானி வைத்து அளப்பார். படங்களும் அவர் பொறுப்பே. சி.டி. படத்தின் கருமையும் வெண்மையும் எண்களாகி, கதிர் உடலுக்குள் எப்படிக் குறைந்துகொண்டே போகும் என்ற கணக்குக்கு அடிப்படையாகின்றன. சிகிச்சை மேசையில் அன்றாடம் எடுக்கும் படம், சிறுநீர்ப்பை நேற்றுப்போல நிரம்பவில்லை, கருப்பை நகர்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். படம் காட்டும் இடமும் கதிர் விழும் இடமும் ஒன்றுதானா என்று மில்லிமீட்டர் கணக்கில் சோதிப்பவர் அவர்.

2011 கணக்கெடுப்பின்படி 7.35 லட்சம் பேரே உள்ள மாவட்டம்; கோவையிலிருந்தே கணினி வழியாகப் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். சிகிச்சைத் திட்டம் வகுக்க அது பொருந்தும், வரவேற்கிறேன். அளப்பதற்குப் பொருந்தாது; ஏனெனில் மலைப்பாதையில் மண் சரிந்த காலையிலும் எந்திரத்தைச் சோதித்த பிறகே முதல் நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும். இயற்பியலாளர் இல்லாமல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி தராதே என்பதும் உண்மை. ஆனால் இருக்கும் ஒருவர் விடுப்பில் போனால் என்ன செய்வது? முதுநிலை இயற்பியல் முடித்தவரும் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட பட்டயப் படிப்பையும் மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்துத்தான் இந்த வேலைக்கு வர முடியும். ஆகவே இரண்டு பணியிடங்களும், உதகையில் அவர்கள் குடியிருக்க வீடும், எந்திரத்துக்கான அரசாணையிலேயே எழுதப்பட வேண்டும்.