ஜக்கி கூகனின் சம்பளம்

சார்ளி சப்ளினின் ‘த கிட்’ என்னும் பேசாப் படம் 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் அநாதைச் சிறுவனாகத் தோன்றிய ஜக்கி கூகனுக்கு அப்பொழுது வயது ஆறு. பெரிய தொப்பியும் கிழிந்த காற்சட்டையுமாக நின்ற அப்பாலகனின் கண்ணீர் கண்டோர் நெஞ்சையெல்லாம் உருக்கியது. பின்வந்த ஆண்டுகளில் அவன் உழைத்த பணம் முப்பது, நாற்பது இலட்சம் டொலர் வரையில் இருக்கும் என்பர்.

தந்தையார் 1935இல் மோட்டார் விபத்தில் இறந்தார். பராயமடைந்த மகன் தன் பணத்தைக் கேட்டபோது, தாயாரும் அவரை மறுமணஞ் செய்தவரும் கையை விரித்தனர். பராயமடையாப் பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே உரியது என்பது அந்நாளைய கலிபோர்ணியச் சட்டம்! பெற்றோரைக் குறைகூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆயினும் பெற்ற தாயின்மீது மகன் வழக்காட நேர்ந்ததை என்னென்பது? 1938இல் தொடுத்த அவ்வழக்கின் முடிவில் அவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 126,000 டொலரே.

ஊரார் கொதித்தெழவே, 1939இல் ‘கூகன் சட்டம்’ பிறந்தது. அதுவும் நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தங்களையே கட்டுப்படுத்தியது. ஏனையோர் எளிதில் தப்பினர். உழைப்பு பிள்ளையின் சொத்தே என்று சட்டம் தெளிவாகக் கூறியது 2000ஆம் ஆண்டிலேதான். சம்பளத்தில் 15 வீதம் பிள்ளையின் பெயரில் வைப்பிலிடப்படல் வேண்டும் என்பதும் அதில் உண்டு. கூகன் அதைக் காணவில்லை, 1984இலேயே காலமானார்.

நடிப்பை மட்டும் அவர் கைவிடவில்லை. 1964 முதல் 1966 வரை ‘த அடம்ஸ் பமிலி’ தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத்தலைப் பெஸ்டர் மாமாவாக வந்தார். மின்குமிழை வாயில் வைத்து ஒளிரச் செய்யும் அந்த விசித்திர மாமாவைக் கண்டு பிள்ளைகள் குலுங்கிச் சிரித்தனர். தங்கள் பாட்டிமாரை அழவைத்த சிறுவனும் அவரே என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?