‘பூமி ஒரு கோளம்’ பாடம் மீண்டும் வேண்டும்

காலை 10 மணிக்குக் கே.எல்.ஐ.ஏ.வில் புறப்படும் விமானம் சென்னையில் 11.30க்கு இறங்குகிறது. அங்கிருந்து பகல் 12.30க்குக் கிளம்பினால், இங்கு வந்து சேர இரவு 7 மணி. போக ஒன்றரை மணி நேரம், வர ஆறரை மணி நேரமா?

வகுப்பில் கேட்டால், “பூமி சுழல்வதால்தான், சார்” என்ற பதில் பட்டென்று வருகிறது. நாம் மேற்கே பறக்கும்போது பூமி கிழக்கே சுழன்று சென்னையை நம் பக்கம் கொண்டு வருகிறதாம்! அது உண்மையானால், பள்ளித் திடலில் ஒரு விநாடி எம்பிக் குதிப்பவர் ஏறக்குறைய 460 மீட்டர் தள்ளி விழ வேண்டும். நாமும் காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறோம். இரண்டு பயணமும் சுமார் நான்கு மணி நேரம்தான். மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, அவ்வளவே.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் படித்த காலத்தில், கே.பி.எஸ்.எம். ஐந்தாம் படிவக் கணிதத்தில் ‘பூமி ஒரு கோளம்’ என்றே ஒரு பாடம் இருந்தது. இன்றைய கே.எஸ்.எஸ்.எம். கணிதத்தில் அது இல்லை. என்னைக் கேட்டால், எடுத்திருக்கவே கூடாத பாடம் அது.

அதன் அடிப்படை மிக எளிது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் கே.எல்.ஐ.ஏ.வுக்கும் சென்னைக்கும் இடையிலான கோணம் சுமார் 23.6 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 2,620 கிலோமீட்டர் வரும். இதை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் மூன்று மணி ஐந்து நிமிடம். டிக்கெட்டில் இருப்பதோ நான்கு மணி நேரம். மீதி எங்கே போனது? ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வளைந்து செல்லும் வான்வழி, தரையிறங்க வரிசையில் காத்திருப்பது என்று கரைகிறது. தரையைத் தொடும் நேரத்தில் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். தூரத்தை வேகத்தால் வகுத்தவுடன் பேனாவை மூடி வைக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

கைப்பேசியில் தட்டினால் தூரமும் நேரமும் வந்துவிடுமே என்பீர்கள். வரும். ஆனால் வந்த எண் சரியா என்று சோதிக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?

செம்பனைத் தோட்டங்கள் இருந்த சிப்பாங் மண்ணில்தான் 1998இல் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டது. லாபு, நீலாய் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விமானம் அன்றாடக் காட்சி. நம் தாத்தா பாட்டி பலர் ‘ரஜுலா’ கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் கடந்த தூரம் அது. இந்தப் பாடத்துக்கு ஆய்வுக்கூடமும் தேவையில்லை. பாடம் திரும்பும்வரை பள்ளியில் இருக்கும் உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் 1 சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். சென்னைக்கு 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும், லண்டனுக்கு 25. அடுத்து, லாஸ் ஏஞ்சலஸுக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். சுவர் வரைபடத்தில் பசிபிக் கடலுக்குக் குறுக்கே நீங்கள் போடும் நேர்கோட்டை விட்டுவிட்டு, நூல் வடக்கே ஜப்பான் பக்கம் ஏறும்.