நிறத்துக்குக் கண் மட்டும் சாட்சியா?

"கண்ணால பார்த்த பிறகு பேச்சென்ன?" என்று நம் ஊரில் வழக்கை முடித்துவிடுவார்கள். நிறம் என்று வந்துவிட்டால் இந்த நம்பிக்கை இன்னும் முரட்டுத்தனமாகிவிடுகிறது. எனக்குத் தெரிவதுதான் நிறம். மாற்றிச் சொல்கிறவனுக்குக் கண்ணில் கோளாறு, இல்லையென்றால் அவன் பொய்யன். இது தவறு, மனிதர்களைப் புண்படுத்துகிற தவறு.

போன வருஷச் சாரலின்போது குற்றாலத்தில் விடுதியில் தங்கியிருந்த என் தங்கை, கல்யாணத்துக்கு எடுத்த சேலையைச் சன்னலோரம் விரித்துப் படம் எடுத்து அனுப்பினாள். தென்காசியில் அம்மா பார்த்ததும் கொதித்துவிட்டாள். "நல்ல காரியத்துக்கு வெள்ளையையா எடுப்பா?" "வெள்ளை இல்லம்மா, இளநீலம்லா" என்றேன். "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" இரண்டு நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. சேலை வீட்டுக்கு வந்தது. இளநீலம்தான்.

ஆனால் அம்மாவின் கண்ணில் குறையே இல்லை. மேகம் மூடிய வானத்தின் வெளிச்சத்தில் நீலம் கூடுதல். குண்டு பல்பின் வெளிச்சத்தில் மஞ்சள் கூடுதல். பேரருவியில் குளித்துவிட்டு, தோளில் வெள்ளைத் துண்டோடு, பல்பு எரிகிற டீக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி மாறிவிட்டது. துண்டோ அதே வெள்ளையாகத்தான் தெரிகிறது. மேலே விழும் வெளிச்சம் எத்தகையது என்று மூளை ஊகித்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தையே நிறம் என்று காட்டுகிறது. சுற்றிலும் சுவர், மரம், மனித முகம் என்று துப்பு இருக்கும்வரை ஊகம் பெரும்பாலும் தப்பாது. அந்தப் படத்தில் சேலையைத் தவிர வேறெதுவும் இல்லை. அம்மாவின் மூளை நீலத்தை வெளிச்சத்தின் கணக்கில் எழுதியது. என் மூளை துணியின் கணக்கில் எழுதியது.

2015 பிப்ரவரியில் உலகமே இப்படி ஓர் உடுப்பின் படத்துக்காகப் பிரிந்து நின்றது. சிலருக்கு வெள்ளையும் பொன்னும், சிலருக்கு நீலமும் கறுப்பும். உண்மையில் அது நீலமும் கறுப்பும்தான். பதின்மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் விசாரித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் 2017இல் முடிவை வெளியிட்டார். உடுப்பு நிழலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவர்களே அதிகம் வெள்ளை என்றார்கள். அதிகாலையில் எழுகிறவர்களுக்கு, இரவில் கண்விழிப்பவர்களைவிட, வெள்ளையாகத் தெரியும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. பழகிய வெளிச்சம் பார்வைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

அப்படியானால் துணிக்கென்று நிறம் கிடையாதா என்று கேட்பார்கள். சாயம் துணியில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே பார்வையில் அதைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று நினைக்கிறோமே, அதைத்தான் மறுக்கிறேன். நம் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. "வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க" என்று சேலையை அவர்களே வெளியே தூக்கி வருவார்கள்.

அந்த நிதானம் பெண் பார்க்கும் வீடுகளில் இல்லையே! டியூப்லைட்டின் கீழ் எடுத்த ஒரு படம் வருகிறது. "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிறார்கள். தோல் நிறத்தை வைத்து ஒரு பெண்ணை எடைபோடுவதே அநியாயம். அந்த அநியாயத்துக்கு ஆதாரமாக நீட்டுகிற படமோ, எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்றுகூடத் தெரியாத ஒன்று. அடுத்த முறை உங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பேச்சு எழுந்தால், தயவுசெய்து அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.