வந்த வேலையும் நின்ற வேலையும்

தமிழ்நாட்டுக்கு ஒரு புதிய தொழிற்சாலை வருகிறது என்றால் செய்தித்தாள்களில் இரண்டு எண்கள் தவறாமல் வரும். ஒன்று, எத்தனை கோடி முதலீடு. மற்றொன்று, எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் இந்த இரண்டாவது எண்ணைப் படித்து எல்லோரும் மகிழ்கிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்த வேலைகளில் எத்தனை மிச்சம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உயர் தொழில்நுட்பத் துறையைப் பொறுத்தவரை இந்த மறதிதான் பெரிய ஆபத்து.

ஸ்ரீபெரும்புதூர் இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்ட ஊர். 2005இல் நோக்கியா நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமானது. பிளஸ் டூவும் டிப்ளமோவும் ஐடிஐயும் முடித்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கம்பெனி பஸ், சீருடை, கேன்டீன், மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம். கூலி வேலையை மட்டுமே பார்த்திருந்த பல குடும்பங்களுக்கு அது ஒரு புது வாழ்க்கை. தங்கையின் படிப்பும் அக்காவின் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில் நடந்தன.

அப்புறம் காலம் மாறியது. தொடுதிரை கைபேசிகள் வந்து பட்டன் போன்களை ஓரம் கட்டின. 2013இல் வரித் தகராறு கிளம்பியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் கைக்குப் போனபோது, வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று ஆலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே அங்கே இயங்கிய பாக்ஸ்கான் பிரிவும் நின்றது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் 'விருப்ப ஓய்வு' பெற்றார்கள். இருபத்தைந்து, முப்பது வயதில் விருப்ப ஓய்வு! அதில் விருப்பம் எங்கே இருந்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எட்டு ஆண்டு ஒரே வரிசையில் நின்று ஒரே உதிரிபாகத்தைப் பொருத்திய ஒருவருக்கு வெளியே வந்தால் என்ன தொழில் தெரியும்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

சக்கரம் மறுபடி சுழன்றது. 2019இல் பாக்ஸ்கான் ஐபோன் தயாரிப்பைத் தொடங்கியது. நோக்கியா விட்டுச்சென்ற ஆலையை சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. செங்கல்பட்டு அருகே 2022இல் பெகாட்ரான் ஆலை திறந்தது. 2025 ஜனவரியில் அதன் பெரும்பங்கை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. 2023-24இல் 956 கோடி டாலராக இருந்த மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி, 2024-25இல் 1,465 கோடி டாலரைத் தொட்டது. இந்தியாவில் முதலிடம். பெருமைதான், சந்தேகமில்லை.

ஆனால் ஏற்றுமதி உயரும் வேகத்தில் வேலையின் தரம் உயர்ந்ததா? 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களின் தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான், அந்த விடுதிகளின் நெரிசல் ஊருக்குத் தெரிந்தது. பலர் ஒப்பந்தக்காரர்கள் வழியாக வேலைக்கு வந்தவர்கள் என்பதும் அப்போதுதான் பரவலாகப் பேசப்பட்டது. 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் முக்கியமான கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. அச்சங்கம் பதிவாக 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனாலும் விடுதி என்பது சில ஆண்டுகள் வந்து தங்கிப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, நாற்பது வயது வரை அதே வேலையில் இருக்க நினைக்கும் பெண்ணுக்கு அங்கே இடம் எது? மணமான பெண்களை ஐபோன் ஆலையில் சேர்ப்பதில்லை என்று 2024இல் செய்தி வந்தபோது நிறுவனம் அதை மறுத்தது. மறுப்பு இருக்கட்டும், மத்திய அரசே மாநிலத்திடம் அறிக்கை கேட்கும் அளவுக்கு அந்தச் சந்தேகம் வலுவாக இருந்தது.

இப்படிக் கேள்வி கேட்டால் கம்பெனிகள் வியட்நாமுக்குப் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நோக்கியா ஆலை மூடியதற்குக் காரணம் தொழிலாளர் கேட்ட கூலியா? ஆர்டர் நின்றதும் வரி வழக்கும்தானே! வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாலும் போகிற கம்பெனி போகத்தான் செய்யும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், மானியமும் நிலமும் தரும்போது, எத்தனை வேலை வந்தது என்பதோடு ஐந்தாம் ஆண்டில் எத்தனை நின்றது, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை என்ற கணக்கையும் கேட்டு வெளியிட வேண்டும். இரண்டாவது, வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு இயந்திரப் பராமரிப்பு, தரச் சோதனை போன்ற வேறு ஆலையிலும் செல்லுபடியாகும் பயிற்சியும் சான்றிதழும் கிடைக்க வேண்டும். மூன்றாவது, வெளியிலிருந்து வரும் பாகங்களை இணைத்துக் கொடுப்பதோடு நிற்காமல் பாகங்களையே இங்கே செய்ய வேண்டும். அதற்கென 2025இல் மாநில அரசு தனித் திட்டம் அறிவித்திருக்கிறது. இணைக்கும் வேலையைச் சுலபமாகப் பெயர்த்துக்கொண்டு போகலாம். நூறு சிறு ஆலைகள் சேர்ந்து செய்யும் வேலையை அப்படிப் பெயர்க்க முடியாது.

திறப்பு விழாவில் சொல்லும் எண் அரசுக்கு. சம்பளம் நின்ற மாதத்தில் கையில் என்ன தொழில் இருக்கிறது என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு.