நோயை மறைத்தால் நோய் மறையுமா?



வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிள்ளை இல்லாத தெரு நம் ஊர்களில் உண்டா? உம்ரா போய் வந்தவர் இல்லாத ஜமாஅத் உண்டா? அப்படியிருக்க, ஜித்தா மருத்துவமனைகளில் நடந்ததை "அது அவர்கள் ஊர் விவகாரம்" என்று எப்படி ஒதுக்கித் தள்ள முடியும்?

2012 ஜூனில் ஜித்தாவில் 60 வயது மனிதர் ஒருவர் கடும் நிமோனியாவால் இறந்தார். அவருடைய சளியைச் சோதித்த எகிப்திய நிபுணர் டாக்டர் அலீ முஹம்மத் ஸக்கீ, இது அதுவரை யாரும் அறியாத கொரோனா வைரஸ் என்று கண்டு, செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார். அவர் அறிவித்ததால்தான், கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த ஒரு நோயாளிக்கும் இதே வைரஸ் என்று சில நாட்களில் தெரிந்தது. அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? வேலை போயிற்று, எகிப்துக்குத் திரும்பினார்!

எச்சரித்தவர் போய்விட்டார். வைரஸ் போனதா?

மெர்ஸ் என்று பெயர் பெற்ற அந்த நோய், கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் பலி கொண்டது. 2014 ஜனவரி முதல் மே வரை ஜித்தாவில் மட்டும் 255 பேருக்குத் தொற்றியது. நோய்க்குறி தென்பட்ட 191 பேரில் 40 பேர் மருத்துவப் பணியாளர்கள்! நோய் தீர்க்க வேண்டிய இடமே நோய் பரப்பும் இடமானது. அங்கு சென்று பார்த்த உலக சுகாதார நிறுவனக் குழு, தொற்றுத் தடுப்பு விதிகள் மீறப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. இந்த நோய் பற்றிய பணியாளர்களின் அறிவை மேம்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

உடனே நர்ஸைக் குறை சொல்லக் கிளம்பாதீர்கள்! சொல்லிக் கொடுக்காமல் அவரை வார்டுக்குள் அனுப்பியது யார்? காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறலோடு வருபவரைத் தனிப் படுக்கையில் வைக்க வேண்டும். தொண்டையில் குழாய் செலுத்தும்போது தெறிக்கும் துளிகளில் ஆபத்து இருக்கிறது. டயாலிசிஸ் படுக்கைகளுக்கிடையே இடைவெளி வேண்டும். இதெல்லாம் பெரிய டாக்டரோடு நின்றுவிடும் ரகசியமா? தரை துடைக்கும் தொழிலாளிக்கும் அவருடைய மொழியில் சொல்லப்பட வேண்டாமா?

"வெளியே சொன்னால் பீதி வரும், வியாபாரம் கெடும்" என்பார்கள். வியாபாரிகளே, தென்கொரியாவைப் பாருங்கள்! 2015இல் வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பிய ஒரே ஒருவர் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினார். முதலில் பார்த்தவர்களுக்கு மெர்ஸ் என்ற சந்தேகமே எழவில்லை. நோய் பரவிய மருத்துவமனைகளின் பெயர்களை அரசும் ஜூன் 7 வரை வெளியிடவில்லை. விளைவு? 186 பேருக்குத் தொற்று, 38 பேர் மரணம். கடைத்தெருக்களும் வெறிச்சோடின. மறைத்ததால் எந்த வியாபாரம் பிழைத்தது?

இளைஞர்களே! உங்கள் ஊர் மருத்துவமனையில் கேளுங்கள்: புதிய தொற்று பற்றி நர்ஸுக்கும் ஆயாவுக்கும் கடைசியாக எப்போது பயிற்சி அளித்தீர்கள்? முகக்கவசமும் கையுறையும் போதிய அளவு இருக்கிறதா? பயணம் போய் வந்தவர்களே! காய்ச்சல் வந்தால் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், அங்கே ஒட்டகத்தின் அருகில் போனீர்களா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உயிர் காக்கும் அறிவு ஓர் அமானிதம். அதைப் பூட்டி வைப்பவன் யாராயிருந்தாலும் கேள்வி கேட்போம்!