நம் சமையலறை: ஃப்ளேக் என்றால் சுறா



வாலிபர் கூடுகை முடிந்து மெல்போர்னில் நாம் வாங்கும் ஃபிஷ் அண்ட் சிப்ஸில் ‘ஃப்ளேக்’ என்றிருந்தால் அது சுறா. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கிற நமக்கு அதில் கூச்சமில்லை. ஆனால் சுறாவின் சதையில் பாதரசம் அதிகம் சேர்கிறது. அது வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கலாம். கர்ப்பிணிகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 150 கிராம் மட்டும் சாப்பிடலாம். அந்த இரண்டு வாரமும் வேறு மீன் கூடாது. சிறுபிள்ளைகளுக்கு 75 கிராம். இது இந்நாட்டு உணவுத்தர நிறுவனத்தின் ஆலோசனை.

அதற்குப் பயந்து மீனையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். கடையில் ‘வைட்டிங்’ கேட்போம். நம் ஊர்க் கிழங்கானின் குடும்பம்தான்.

எங்கள் வீட்டில் மிளகுத்தூள், மஞ்சள், தட்டிய பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய் தடவி, பேக்கிங் பேப்பரில் பொதிந்து, ஓவனில் 200 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வைக்கிறோம். முள்கரண்டி பட்டதும் சதை உதிர்ந்தால் வெந்துவிட்டது. எலுமிச்சை கடைசியில்தான். கடை மசாலாவில் பெரும்பாலும் உப்பு இருக்கும்; மேலும் போடாதீர்கள்.

புட்டு கேட்கும் ஆச்சிக்கு இதையே முள் பார்த்து உதிர்த்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய் வதக்கிக் கிளறிக் கொடுங்கள்.