இலங்கையில் மதகு யார் கையில்?

ஜேடர்பாளையம் படுகை அணையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேதான் காவிரியில் இருந்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. வாய்க்காலை எவ்வளவு ஆழமாக வெட்டினால் என்ன? தலைமதகு திறந்தால்தான் கடைமடை வயலுக்குத் தண்ணீர்!

கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையின் ஆட்சியும் இப்படித்தான்.

ஜனாதிபதி

1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. 1972-ல் குடியரசு ஆயிற்று. 1978-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. ஆட்சி அதிகாரம் ஜனாதிபதி கைக்குப் போயிற்று.

நம் நாட்டில் ஆட்சியை நடத்துகிறவர் பிரதம மந்திரி. இலங்கையிலும் பிரதம மந்திரி உண்டு. ஆனால், மந்திரி சபைக்குத் தலைவர் ஜனாதிபதிதான். முப்படைகளுக்கும் அவரே தலைவர். மக்களே நேராக ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 5 ஆண்டு.

ஓட்டுப் போடுவதிலும் ஒரு புதுமை! ஓட்டர் தமக்குப் பிடித்த மூன்று பேருக்கு 1, 2, 3 என்று எண் போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த எண்ணை எண்ணுவார்கள். 2024 தேர்தலில்தான் முதன்முறையாக இப்படி எண்ண நேர்ந்தது. அனுரா குமார திசநாயக்கா வெற்றி பெற்றார்.

பார்லிமெண்டு

பார்லிமெண்டில் ஒரே சபைதான். மொத்தம் 225 பேர். 196 பேர் மாவட்டவாரியாக வருகிறார்கள். மீதி 29 இடங்களைக் கட்சிகள் நாடு முழுவதும் வாங்கிய ஓட்டைப் பார்த்துப் பங்கிடுகிறார்கள்.

ஜனாதிபதி இடையில் விலகினால், மீதிக் காலத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது பார்லிமெண்டு. 2022-ல் மக்கள் கொதித்து எழுந்தார்கள். கோத்தபய ராஜபக்சே விலகினார். ரணில் விக்ரமசிங்கேயைப் பார்லிமெண்டு தேர்ந்தெடுத்தது.

கடைமடை

1987-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். அதை ஒட்டி மாகாண சபைகள் பிறந்தன. தமிழும் ஆட்சி மொழி ஆயிற்று. தமிழர் வாழும் வடக்கு, கிழக்கு மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி பிறந்தது.

வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததோ 2013-ல்தான்! அதன் காலம் 2018-ல் முடிந்தது. 2014-க்குப் பிறகு பத்து ஆண்டு கடந்தும் எந்த மாகாணத்திலும் தேர்தல் நடக்கவில்லை. ஜனாதிபதி நியமித்த கவர்னர்களே நிர்வாகத்தை நடத்தினார்கள்.

காரணம் என்ன? 2017-ல் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய தொகுதிகளின் எல்லையை 2018-ல் பார்லிமெண்டு ஏற்கவில்லை. பழைய முறையும் போயிற்று. புதிய முறையும் வரவில்லை!

நமக்கும் இது தெரியாத கதை அல்ல. 2016-ல் நடக்கவேண்டிய பஞ்சாயத்துத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நம் பக்கம் நடந்தது. அதுவரை தனி அதிகாரிகள் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால், நாம் ஓட்டுப் போட்ட ஆள் என்று யாரைப் போய்க் கேட்பது?

வாய்க்கால் இருக்கிறது என்பதால் மட்டும் பயிர் விளையாது. தண்ணீரும் வரவேண்டும்!